குழந்தையின் வயிற்றில் கட்டியா?



குழந்தையைக் குளிப்பாட்டும்போது வயிற்றின் ஒரு பக்கம் கெட்டியாகக் கையில் தட்டுப்படுகிறதா? "மாந்தம்தான், ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்று இருந்துவிடாதீர்கள். எண்ணெய் தேய்த்து நீவவும் கூடாது. உரம் எடுக்கவும் கூடாது. அது சிறுநீரகக் கட்டியாக இருந்தால், அழுத்தும்போது உடைந்து வயிறு முழுவதும் பரவக்கூடும்.

இதற்கு வில்ம்ஸ் கட்டி என்று பெயர். 1899-ல் இதைப் பற்றி விரிவாக எழுதிய ஜெர்மன் மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸின் பெயரால் வழங்குகிறது. பெரும்பாலும் 5 வயதுக்குள் வரும். பல குழந்தைகளுக்கு வலியே இராது, வழக்கம்போல் ஓடியாடும். சிலருக்குச் சிறுநீரில் இரத்தம், காய்ச்சல், வயிற்றுவலி உண்டாகும்.

மரபணு சோதனை எதற்கு?

நம் உடம்பின் செல்களில் 23 சோடி குரோமோசோம்கள் உள்ளன. மரபணுக்கள் அவற்றில்தான் இருக்கின்றன. 11-வது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவை 1990-ல் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் டபிள்யு.டி.1. காளைக்கு மூக்கணாங்கயிறு எப்படியோ, வளரும் சிறுநீரகச் செல்களுக்கு இது அப்படி. கயிறு அறுந்தால் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகும். எல்லாக் கட்டிகளுக்கும் இது ஒன்றே காரணமல்ல. வேறு மரபணுக்களும் உண்டு.

ஸ்கேனில் கட்டி தெரியும். கட்டியின் சதையை நுண்நோக்கியில் பார்த்தால் வகை தெரியும். மரபணு சோதனை அதற்கு மேலும் சொல்லும். 1-வது, 16-வது குரோமோசோம்கள் இரண்டிலும் குறிப்பிட்ட பகுதிகள் தொலைந்திருந்தால், கட்டி திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அதற்கேற்ப மருத்துவர் மருந்தைக் கூட்டுவார்.

குறை கட்டியில் மட்டும் இருக்கிறதா, இரத்தத்திலும் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இரத்தத்திலும் இருந்தால் மற்றச் சிறுநீரகத்தையும் கண்காணிக்க வேண்டும். உடன்பிறந்த குழந்தைகளுக்கும் சோதனை தேவையா என்று மருத்துவர் சொல்வார்.

கண்ணில் பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையம் இல்லாமல் பிறந்த குழந்தையா? அந்த வளையத்துக்கான மரபணு டபிள்யு.டி.1-க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சில குழந்தைகளுக்கு இரண்டும் சேர்ந்தே விடுபட்டிருக்கும். இரத்தச் சோதனையில் அப்படித் தெரிந்தால், கட்டி வருமுன்பே 3 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்துவர வேண்டும்.

யார் மேல் குற்றம்?

யார் மேலும் இல்லை. "உன் வம்சத்தால வந்தது", "கிரகணத்துல காய் நறுக்கினே" என்று மனைவியைக் குறை சொல்வது தவறு. 100 குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்கே இது குடும்பவழியாக வருகிறது. அப்போதும் அது தந்தை வழியாகவும் வரலாம், தாய் வழியாகவும் வரலாம்.

சிகிச்சை உண்டு

அறுவை, மருந்து, சிலருக்குக் கதிர்வீச்சு. ஒரு சிறுநீரகத்தை எடுத்தாலும் மற்றொன்றைக் கொண்டு நன்றாக வாழலாம். மருத்துவ வசதி மிகுந்த நாடுகளில் 10 குழந்தைகளில் 9 பேர் பிழைக்கிறார்கள். ஆனால், "இப்போ நல்லாத்தானே இருக்கான்" என்று மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

கையில் கட்டி தட்டுப்பட்டதா? இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்லுங்கள். கணவன் மனைவி இருவருமே போங்கள்.