கலிங்கின் நீளம் எங்கே முடிவாகிறது?

கொடைக்கானலிலிருந்து பூம்பாறையைத் தாண்டிப் போனால் கூக்கால். ஏரியும் சோலைக்காடும் பூண்டு விளையும் படிக்கட்டு நிலங்களும் அங்கே அருகருகே இருக்கின்றன. அப்படியொரு சரிவில் புதிதாகச் சிற்றணை கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மிகுநீர் வழியும் கலிங்கு எத்தனை மீட்டர் நீளம் இருக்க வேண்டும்? மலை ஓடைகளில் பல்லாண்டுகள் வெள்ளத்தை அளந்து வைத்த பதிவு கிடைப்பது அபூர்வம். ஆகவே பொறியாளர் சூத்திரத்தைத் தேடுவார். சென்னை மாகாணத்துக்காக 1884-இல் ரைவ்ஸ் வகுத்தது இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. நீர்ப்பிடிப்புப் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதை 2/3 அடுக்குக்கு உயர்த்தி, ஓர் எண்ணால் பெருக்கினால், நொடிக்கு எத்தனை கன மீட்டர் வெள்ளம் வரும் என்று சொல்லிவிடும். அந்த எண் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் 6.8, மலைப்பகுதிக்கு 10.2.

பரப்பு 4 சதுர கிலோமீட்டர் என்று கொண்டால் முதல் எண்ணுக்கு நொடிக்கு 17 கன மீட்டர், இரண்டாவதற்கு 26. கலிங்கின் மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் வழியலாம் என்றால், முதலாவதற்கு ஏறத்தாழ 10 மீட்டர் நீளம் போதும். மற்றதற்கு 15 வேண்டும். ஒரு கல் கூட நடுவதற்கு முன்பே கலிங்கு பாதி மடங்கு நீண்டுவிட்டது! இதே வகையைச் சேர்ந்த டிக்கன்ஸ் சூத்திரத்தில் அடுக்கே வேறு, 3/4. ஒரு சதுர கிலோமீட்டரில் அந்த வேறுபாடு தெரியாது. நூறு சதுர கிலோமீட்டரில் அடுக்கு மட்டுமே விடையை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கும்.

சந்தேகம் வந்தால் பெரியதையே கட்டிவிடலாமே என்பார்கள். குறுகிய பள்ளத்தாக்கில் 15 மீட்டருக்கு இடம் இல்லாவிட்டால் கலிங்கின் மட்டத்தைத் தாழ்த்த வேண்டும், அல்லது கரையை உயர்த்த வேண்டும். தாழ்த்தினால் கோடையில் பூண்டுக்குப் பாய வேண்டிய நீர் குறையும். சரி, மண், காடு, சரிவு எல்லாவற்றையும் கணினியில் சேர்த்தால் ஊகம் ஒழியாதா? ஒழியாது. சோலை மண் மழையில் எவ்வளவை உறிஞ்சும், எந்த மழையைக் கணக்கில் எடுப்பது என்பதை அங்கும் ஒருவர்தான் தேர்ந்தெடுக்கிறார். அளவீடு இல்லாத ஓடைக்கு அந்த எண்களும் வேறு எங்கிருந்தோ கடன் வாங்கியவை. ஆனால் கணினிக் கணக்கில் ஒரு நேர்மை உண்டு: ஊகம் கண்ணுக்குத் தெரியும்படி எழுதப்பட்டிருக்கும், அதை மறுத்துப் பேசலாம். சோலை அழிந்து வயலானால் அந்தக் கணக்கின் விடை மாறும். ரைவ்ஸிடம் கேட்டால், பரப்பு மாறாதவரை, அதே 26 தான்.