வயிறு திறந்திருக்கும்போதே கதிர்வீச்சு

நம் ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். உண்மையில் அது மின்சாரம் அல்ல, கதிர்வீச்சு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து சுமார் 25 தவணைகளில் 45 முதல் 50 கிரே (கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு) வரை கொடுப்பது வழக்கம்.

அதற்குப் பிறகும் நோய் இடுப்பெலும்பின் உட்சுவரில் திரும்பி வந்தால்தான் சிக்கல். மறுபடி முழு அளவு கதிர் பாய்ச்சினால் வழியில் கிடக்கும் குடல் தாங்காது. அறுவை மட்டும் செய்தாலோ, பெரிய நரம்பையும் ரத்தக்குழாயையும் ஒட்டிய இடத்தில் தாராளமாக வெட்ட முடியாது. கண்ணுக்குத் தெரியாத செல்கள் அங்கே தங்கிவிடக்கூடும்.

அப்படிப்பட்ட சிலருக்கு அறுவை மேசையிலேயே கதிர்வீச்சு கொடுக்கிறார்கள். கட்டியை எடுத்தபின், சந்தேகமான இடத்தை அறுவை மருத்துவரும் கதிர்வீச்சு மருத்துவரும் சேர்ந்து குறிக்கிறார்கள். குடல் சுருள்களை ஈரத்துணியில் பொதிந்து ஒதுக்குகிறார்கள்; சிறுநீர்ப்பையைத் தள்ளி வைக்கிறார்கள்; ஒதுக்க முடியாததை ஈயத் தகட்டால் மறைக்கிறார்கள். பிறகு உள்ளே ஒரு குழாய் இறங்குகிறது. இடுப்புச் சுவர் சரிவானது என்பதால் குழாயின் முனையும் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். அதற்குள் ரத்தம் தேங்கினால் கதிரின் அளவு மாறிவிடும். அதையும் உறிஞ்சி எடுத்துவிட்டு எல்லோரும் வெளியேறுகிறார்கள். மயக்க மருந்து மருத்துவர் வெளியிலிருந்தே நோயாளியின் மூச்சையும் நாடியையும் திரையில் கவனிக்கிறார். சில நிமிடங்களில் வேலை முடிகிறது.

பாய்வது எலக்ட்ரான் கற்றை. 9 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் என்றால் சுமார் 3 செ.மீ. ஆழம்வரை வலுவாக வேலை செய்யும். அதைத் தாண்டியதும் வேகமாக அடங்கிவிடும். ஒரே மூச்சில் 10 முதல் 20 கிரே. இதே அளவைத் தவணைகளாகப் பிரித்துக் கொடுப்பதைவிட இதன் தாக்கம் அதிகம்.

அந்தத் தாக்கம் நரம்புக்கும் பொருந்தும். குடலை ஒதுக்கலாம், சுவரோடு ஒட்டி ஓடும் நரம்பை ஒதுக்க முடியாது. காலில் வலி, மரத்துப்போதல், பலவீனம் வரலாம். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் சுருங்கலாம். அதனால்தான் அளவைத் தீர்மானிப்பதில் அத்தனை கவனம்.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மிட்சுயுகி அபே 1960களில் இம்முறைக்கு வழிகாட்டினார். மயக்கத்தில் இருக்கும் நோயாளியைத் திறந்த வயிற்றை மூடிப் போர்த்திக் கதிர்வீச்சு அறைக்குத் தள்ளிச் சென்ற காலமும் உண்டு. 1990களில் வந்த நகரும் இயந்திரங்கள் அந்தப் பயணத்தைத் தவிர்த்தன.

நோய் வேறு இடங்களுக்குப் பரவியிருந்தால் இம்முறை அதைத் தடுக்காது. ஓரிடத்தில் மட்டும் திரும்பியிருந்தால், குடலைக் காத்துக்கொண்டே அந்த இடத்தை இன்னொரு முறை தாக்க வழி கிடைக்கிறது. குழாயை எடுத்ததும் ஈரத்துணியைப் பிரித்துக் குடலைப் பழைய இடத்தில் வைக்கிறார்கள். இந்த முறை அது கதிரின் பாதையில் இல்லை.