புதுப்பித்த பழைய டிராக்டருக்கு எந்த ஆயில்?

மேஸி பெர்குசன் 35 போன்ற பழைய டீசல் டிராக்டரின் எஞ்சினைப் பிரித்து, லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றியாயிற்று. இனி எந்த ஆயில் ஊற்றுவது?

முதலில் மினரல் ஆயில் ஏன்?

புது லைனரின் உட்சுவரில் குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கீறல்கள் போட்டிருப்பார்கள். அவற்றோடு உரசித்தான் ரிங் சுவருக்கேற்பப் படிகிறது. உராய்வை மிகவும் குறைக்கும் சிந்தெடிக் ஆயில் இதைத் தாமதப்படுத்தலாம். அதனால்தான் முதலில் மினரல் ஆயில். நெடுநேரம் ஐடிலில் ஓடவிடுவதும் தவறு. மிதமான சுமை தந்தால்தான் எரிந்த வாயுவின் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு அணைக்கும்.

ஆயில் டப்பாவில் உள்ள 15டபிள்யூ-40 என்பது என்ன?

முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாகப் பாயும் என்பதைக் காட்டுகிறது. 40 என்பது 100 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மைக்கான தரம். நம் வெயிலுக்கு இது பொதுவாகப் பொருந்தும். ஆனாலும் கையேடு சொல்வதே முதன்மை.

டிடர்ஜென்ட் ஆயில் கெடுதலா?

அது கரியைச் சுவரில் ஒட்டவிடாமல் ஆயிலிலேயே மிதக்கவைக்கிறது. பல்லாண்டுக் கசடு படிந்த எஞ்சினில் அந்தக் கசடு பெயர்ந்து ஆயில் வழியை அடைக்கலாம். கழுவிச் சுத்தம்செய்த எஞ்சினுக்கு அந்த அச்சம் இல்லை. டப்பாவில் ஏபிஐ குறியீடு 'சி' எழுத்தில் தொடங்கினால் டீசலுக்கானது. ஜிங்க்-பாஸ்பரஸ் சேர்மம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேமும் டேப்பெட்டும் தேயாமல் காக்கும் படலத்தை உருவாக்குவது அதுதான்.

முதல் ஆயிலை எப்போது மாற்றுவது?

வழக்கமான கெடுவுக்கு வெகுமுன்பே, ஃபில்டரோடு சேர்த்து மாற்றுங்கள். ரிங் படியும்போது உதிர்ந்த உலோகத்துகள் அதோடு வெளியேறிவிடும்.