மலேரியாவும் மனித நிர்ப்பீடனமும்: 1934–35 கொள்ளைநோய் தரும் விளக்கம்

நோய் விளைவிக்கும் நுண்ணுயிர்களை இனங்கண்டு எதிர்த்தழிக்கும் உடலின் ஆற்றலே நிர்ப்பீடனம் எனப்படும். இதனைத் தனிமனிதனின் உடல்வலிமையாகக் கருதுதல் பொதுவழக்கு. ஆயின், ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்நிலையோடும் கடந்தகால நோயனுபவத்தோடும் அது பிணைந்துள்ளது என்பதற்கு 1934–35இல் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோய் சான்றாகின்றது.

நாவலப்பிட்டியை அணைந்தோடும் மகாவலி கங்கையின் மேற்பள்ளத்தாக்கு ஈரவலயத்தைச் சேர்ந்தது. ஆறு பெருகியோடும் காலங்களில் நுளம்பின் குடம்பிகள் அடித்துச் செல்லப்படும். 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகாவலியின் மேற்பகுதியிலும் மா ஓயா, தெதுறு ஓயா முதலியவற்றிலும் நீர் குட்டைகளாகத் தேங்கியது. வெயில்படும் தெளிந்த நீரிற் பெருகும் அனொபிலிசு இன நுளம்புக்கு அவை விளைநிலமாயின. அவ்வாண்டு ஒக்டோபரில் வெடித்த நோய் சில மாதங்களுள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. கேகாலை, குருநாகல், கண்டி மாவட்டங்கள் பெருஞ்சேதமுற்றன. மலேரியா ஆண்டுதோறும் நிலவிய அனுராதபுரம் போன்ற உலர்வலயப் பகுதிகளோ இத்தகைய அழிவைக் காணவில்லை. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது?

உடலின் பாதுகாப்பு இரு படிகளில் அமைந்துள்ளது. முதலாவது, பிறப்பிலேயே அமைந்த இயல்பான நிர்ப்பீடனம். தோலும் சளிமென்சவ்வும் கிருமிகளைத் தடுக்கின்றன. அத்தடையைக் கடந்தவற்றைத் தின்குழியங்கள் விழுங்குகின்றன. இரண்டாவது, வாழ்நாளிற் பெறப்படும் நிர்ப்பீடனம். இதற்குரியவை என்புமச்சையில் தோன்றும் நிணநீர்க்குழியங்கள். இவற்றுள் தைமசுச் சுரப்பியில் முதிர்ச்சியடையும் ரீ-குழியங்கள் தொற்றுற்ற கலங்களை அழிப்பதோடு ஏனைய குழியங்களையும் நெறிப்படுத்துகின்றன. பீ-குழியங்கள் குறித்த கிருமிக்கேயுரிய பிறபொருளெதிரிகளை ஆக்க வழிசெய்கின்றன. முதற்சந்திப்பில் இவ்வெதிர்ப்பு உருவாகப் பல நாட்கள் செல்லும். பின்னர் எஞ்சும் நினைவுக் குழியங்கள், அதே கிருமி மீண்டும் வரின் விரைந்தும் வலிந்தும் செயற்படுகின்றன. தடுப்பூசியின் அடிப்படையும் இந்நினைவேயாகும்.

சின்னமுத்து ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் மீண்டும் வருவதில்லை. மலேரியா அத்தகையதன்று. அதன் ஒட்டுண்ணி ஈரற்கலங்களிலும் செங்குழியங்களிலும் மறைந்து வாழ்கின்றது. தன் புறப்புரதங்களையும் மாற்றிக்கொள்கின்றது. எனவே, பன்முறை தொற்றுற்றவருக்கே, அதுவும் பகுதியளவிலேயே, பாதுகாப்புக் கிட்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த முதலாவது மலேரியாத் தடுப்பூசியும் முழுமையான பாதுகாப்பை அளிப்பதன்று.

உலர்வலய மக்களைக் காத்தது இப்பகுதி நிர்ப்பீடனமே. அதன் சுவடு மண்ணீரலிற் பதிந்திருந்தது. தொற்றுற்ற செங்குழியங்களை வடித்தகற்றும் அவ்வுறுப்பு, அடிக்கடி நோயுற்றோரில் வீங்கிக் காணப்படும். சிறுவரின் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்தே ஓரூரின் மலேரியா நிலை அக்காலத்தில் அளவிடப்பட்டது. ஆயினும், இந்நிர்ப்பீடனம் விலையின்றிக் கிடைத்ததன்று. இளவயதில் மாண்ட குழந்தைகளே அதன் விலை.

ஈரவலயத்தாருக்கு அந்நினைவும் இல்லை, உணவும் இல்லை. உலகப் பொருளாதார மந்தமும் வரட்சியும் அவர்களை ஏற்கெனவே நலிவித்திருந்தன. புரதக் குறைபாடு நிணநீர்க்குழியங்களின் ஆற்றலைக் குன்றச் செய்யும் என்பது இன்று நன்கறிந்த உண்மை. நிவாரணப் பணியில் ஈடுபட்ட என். எம். பெரேரா மருந்தோடு பருப்பும் வழங்கியதால் ‘பருப்பு மாத்தையா’ எனப் பெயர்பெற்றார். மருந்தும் உணவும் பிரிக்கவியலாதவை என்பதை அப்பெயர் உணர்த்துகின்றது.

1963இல் 17 ஆகக் குறைந்த மலேரியா நோயாளர் தொகை, கண்காணிப்புத் தளர்ந்ததும் 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மீண்டும் நீண்டகாலம் முயன்றதன் பயனாக, 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. ஆயின், தொற்று அற்ற இடத்தில் பெற்ற நிர்ப்பீடனமும் தேய்ந்து மறையும். நாவலப்பிட்டியாயினும் அனுராதபுரமாயினும் இன்று இலங்கையர் பெரும்பாலோர் 1934ஆம் ஆண்டு ஈரவலயத்தாரை ஒத்த நிலையினரே. நுளம்போ அகன்றுவிடவில்லை. உடல் மறந்துவிட்ட நோயைச் சமூகம் மறத்தலாகாது. குருதிச் சோதனை, நுளம்புக் கண்காணிப்பு, போதிய உணவு ஆகிய மூன்றையும் ஓயாது பேணுதலே அந்நினைவுக்கு ஈடாகும்.