பாலைநிலத்தில் சூரியத் தகடுகளைத் தூசியினின்று காத்தல்

ஞாயிற்றின் ஒளியினின்று மின்சாரம் பெறுவதற்குப் பாலைநிலமே மிகச் சிறந்த இடமென எண்ணத் தோன்றும். அங்கே முகில் குறைவு, மழை அரிது, பகல் முழுதும் வெயில். ஆயினும் அந்நிலமே தகடுகளின்மேல் தூசியையும் கொட்டுகின்றது. அதனைக் கழுவ மழையும் வருவதில்லை. கழுவுதற்கேற்ற நீரும் எளிதிற் கிடைப்பதில்லை.

இந்தியாவின் இராஜஸ்தான் மாநிலத்தில், தார்ப் பாலைவனத்தைச் சேர்ந்த பட்லா என்னுமிடத்தில், ஏறத்தாழ 14,000 ஏக்கர் நிலத்தில் 2,200 மெகாவாற்றுக்கு மேற்பட்ட ஆற்றலுடைய சூரிய மின் நிலையம் அமைந்துள்ளது. அம்மாநிலத்துக் கமக்காரர் பலரும் தத்தம் வயல்களில் தகடுகளை நாட்டிப் பம்பியால் நீரிறைக்கின்றனர். 2019ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடங்கிய உதவித் திட்டம் இதனைப் பெருக்கியது. பெரிய நிலையத்துக்குத் தூசியினால் வருவது வருமானக் குறைவு. கமக்காரனுக்கு வருவதோ நீர்க்குறைவு. தகட்டில் தூசி படிந்தால் பம்பி காலையிற் பிந்தித் தொடங்கும். மாலையில் முந்தி நின்றுவிடும். பயிர் நீரை மிக வேண்டும் கோடையிலேயே தூசியும் மிகுகின்றது.

தூசி ஒட்டும் வகை

பருமணல் தகட்டில் நிலைப்பதில்லை, சரிந்து விழுந்துவிடும். கேடு செய்வது கண்ணுக்குத் தனித்தனியாகத் தோன்றாத நுண்தூசியே. வறண்ட நிலையில் அதுவும் மெல்லிய துடைப்பத்துக்கு அகன்றுவிடும். பனி பெய்த பின்னரே இடர் மிகுகின்றது. இரவில் கண்ணாடி தன் வெப்பத்தை வானை நோக்கி இழந்து, சூழ்ந்துள்ள காற்றிலும் மிகுதியாகக் குளிர்வதால், அதன்மேற் பனிநீர் படிகின்றது. தூசியிலுள்ள உப்புக்கள் அந்நீரிற் கரைந்து, காலை வெயிலில் நீர் வற்றியதும், சாந்துபோல் இறுகித் துகள்களைக் கண்ணாடியுடன் பிணைத்துவிடுகின்றன. பல நாள் இவ்வாறு நிகழ்ந்த தகட்டை வெறுந் துடைப்பத்தாற் சுத்தஞ் செய்தல் அரிது.

மழையற்ற பாலைநிலங்களில் மின்விளைவு நாளொன்றுக்கு நூற்றுக்கு அரைப் பங்கு முதல் 1 பங்கு வரை குறைவதுண்டு. கவனியாதுவிடின் ஒரு மாதத்தில் அக்குறைவு நூற்றுக்கு 15 முதல் 30 வரை ஏறிவிடும். அன்றியும், வழிந்த சேறு தகட்டின் கீழ்ச்சட்ட ஓரத்திற் பட்டையாகத் தங்கும். கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருத்தலால், வாய்க்காலின் ஓரிடத்து அடைப்பு முழுப் பாய்ச்சலையும் குறைப்பதுபோல, அச்சிறு பட்டையே பெரும் இழப்பைத் தரும். ஆதலால் கீழோரத்தை முதலிற் கவனித்தல் வேண்டும்.

துடைக்கும் காலமும் முறையும்

பெருமுயற்சியிலும் ஏற்ற காலமே இங்கு முக்கியமாகும். நீரின்றித் துடைப்பதாயின் கதிரவன் மறைந்தபின், பனி படியுமுன் துடைத்தல் நன்று. பனியீரம் உள்ளபோது உலர்ந்த துடைப்பத்தை இழுத்தால் தூசி சேறாகிப் பரவும். இசுரேல் நாட்டின் கெத்தூரா என்னும் பாலைநிலக் குடியிருப்பையடுத்த சூரிய வயலில், 2014ஆம் ஆண்டு முதல், நீரைப் பயன்படுத்தாத தன்னியக்கத் துடைப்பான்கள் இரவுதோறும் இவ்வேலையைச் செய்யத் தொடங்கின. பின்னர் இம்முறை தார்ப் பாலைவனத்து நிலையங்களிலும் பரவியது.

நீராற் கழுவுவதாயின் விடியற்காலையே ஏற்றது. நண்பகலிற் சுட்ட கண்ணாடியிற் குளிர்நீரை ஊற்றினால் அது வெடித்தல் கூடும். வன்மையான கிணற்றுநீர் உலர்ந்தபின் வெண்ணிறக் கறையை விட்டுச்செல்லும். தேக்கிய மழைநீர் அதனினும் சிறந்தது. உலகெங்கும் சூரியத் தகடுகளைக் கழுவச் செலவாகும் நீர் 20 இலட்சம் மக்களின் குடிநீர்த் தேவைக்குப் போதுமென அமெரிக்காவின் மசாச்சுசெற்சுத் தொழினுட்ப நிறுவன ஆய்வாளர் 2022இல் எடுத்துக்காட்டினர். அவர்கள் மின்னேற்றத்தால் தூசியை விலக்கும் முறையொன்றையும் ஆய்வுகூடத்திற் செய்துகாட்டினர்.

தகட்டைக் கூடிய சரிவில் நிறுத்தினால் தூசி குறைவாகவே தங்கும். கதிரவனைத் தொடர்ந்து திரும்பும் தகடுகளை இரவில் இயன்றவரை செங்குத்தாக நிறுத்துவதாலும் தூசியும் பனியும் குறையும்.

இலங்கையிற் பயன்

இலங்கை பாலைநிலமன்று, மழை பெரும்பாலும் தகடுகளைக் கழுவிவிடும். எனினும் உலர் வலயத்தில் மழையற்ற சிறுபோக மாதங்களில், சூரியப் பம்பி வைத்திருப்போர்க்கு மேற்கூறிய முறைகள் பயன்தரும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணாம்புப் பாறையினின்று ஊறுவதாதலால், அதனாற் கழுவிய தகட்டை உடனே துடைத்து உலர்த்துதல் இன்றியமையாதது.

கவனிக்க வேண்டியவை

1. தெளிந்த நாளின் நண்பகலில், சுத்தமான தகட்டைக்கொண்டு ஒரு தொட்டி நிரம்பும் நேரத்தைக் குறித்து வைத்தல் வேண்டும். கிணற்று நீர்மட்டம் மாறாதிருக்கையில் அந்நேரம் நீளுமாயின் தூசி படிந்துள்ளதென அறியலாம்.

2. துடைக்குமுன் பம்பியை நிறுத்துதல் வேண்டும். உடைந்த தகட்டை வெறுங்கையாலோ ஈரத்துணியாலோ தொடலாகாது.

3. மென்மையான துணியையோ துடைப்பத்தையோ மேலிருந்து கீழாக இழுத்தல் வேண்டும். மணல், சாம்பல், தும்பு ஆகியவற்றால் தேய்த்தலாகாது. கண்ணாடியிற் கீறல் விழும்.

4. தகட்டின்மேல் ஏறி நிற்றல் எக்காரணங்கொண்டும் கூடாது.