ஊரடங்கில் வணிகர் நாம் கற்றது

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது மளிகைக்கு விலக்கு உண்டு என்றார்கள். விலக்கு இருந்தது உண்மைதான். ஆனால் ஏப்ரல் 5 முதல் தமிழகத்தில் காலை 6 மணியிலிருந்து பகல் 1 மணி வரைதான் கடை. மதுரை கீழமாசி வீதியில் மொத்த வியாபாரம் செய்யும் நமக்கு மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வரும் சில்லறை வியாபாரிகள்தான் வாடிக்கை. பஸ் இல்லை, கடை திறந்தும் ஆள் இல்லை. பிறகு அவர்கள் போனில் சரக்குப் பட்டியலைச் சொல்ல, ஒரே வழியில் உள்ள நான்கு கடைச் சரக்கைச் சேர்த்து ஒரு சின்ன வேனில் அனுப்பினோம். வாடகையும் நான்காகப் பிரிந்தது. இந்த ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது.

மூட்டை தூக்கும் தொழிலாளர்களில் பாதிப் பேர் கிராமத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். நம் மகனும் கணக்குப்பிள்ளையும் 50 கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றினார்கள். (கூலி உயர்வு ஏன் கேட்கிறார்கள் என்பது மகனுக்கு அந்த வாரம் புரிந்தது.) ஏப்ரல் 26 முதல் 29 வரை மதுரையில் மளிகைக் கடையும் மூடிய முழு ஊரடங்கு. அந்த நாட்களுக்கு அரைக் கூலியாவது கொடுத்த கடைகளுக்கே ஆட்கள் முதலில் திரும்பி வந்தார்கள்.

அதற்கு முதல் நாள், 25-ஆம் தேதி, ஜனங்கள் முண்டியடித்தார்கள். அன்று விலையைக் கூட்டி விற்றவர்களும் நம்மிடையே உண்டு. சங்கப் பத்திரிகையில் இதை எழுதுவது சிலருக்குப் பிடிக்காது. ஆனாலும் அந்த விலையை வாடிக்கையாளர்கள் இன்னமும் சொல்லிக் காட்டுகிறார்கள். கடனுக்கு அரிசி கொடுத்த தெருமுனைக் கடையையும் அவர்கள் மறக்கவில்லை.

வங்கிக் கடன் பற்றி ஒரு வார்த்தை. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத்தான் தள்ளி வைத்தார்களே தவிர, வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. மேலும், மொத்த, சில்லறை வணிகத்தை வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக சிறு, குறு, நடுத்தரத் தொழில் பட்டியலில் மீண்டும் சேர்த்தது 2021 ஜூலையில்தான். உத்யம் பதிவு செய்யாதவர்கள் இனியாவது செய்துகொள்ளவும்.

நம்மை உலுக்கியது இரண்டாவது அலை. 2021 மே மாதம் நம் வீதியிலேயே, முப்பது வருடம் பழகிய ஒரு பருப்பு வியாபாரி ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. யாரிடம் எவ்வளவு நிலுவை என்பது அவர் மனதில்தான் இருந்தது. மிச்சம் கல்லாவில் கிடந்த துண்டுச் சீட்டுகள். பெயர் இருக்கும், தொகை இருக்காது; தொகை இருந்தால் ஊர் இருக்காது. கடைப் பக்கமே வந்திராத அந்த அம்மாள் சீட்டுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு நம்மிடம் கொண்டு வந்தார். இரண்டு மாதம் உட்கார்ந்து பிரித்தோம். சரக்கு அனுப்பிய ஆலைக்காரர்களின் பாக்கி ரசீதோடு உடனே வந்துவிட்டது. வர வேண்டிய பணம்தான் வரவில்லை. ஏழெட்டுப் பேர் தாமாகவே வந்து, "அண்ணாச்சிக்கு இவ்வளவு கொடுக்கணும்" என்று வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் போனையே எடுக்கவில்லை. ஒருவர் முன்பே கொடுத்துவிட்டதாகச் சத்தியம் செய்தார். மறுத்துச் சொல்ல நம்மிடம் என்ன இருந்தது? கடைசியில் கடையைப் பகடிக்கு விட்டுத்தான் ஆலைப் பாக்கியைத் தீர்த்தார்கள்.

அன்று முதல் நம் கடையில் மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியல் இரண்டு பிரதி எழுதப்படுகிறது. பெயர், ஊர், போன் நம்பர், தொகை, எதிரே வாடிக்கையாளரின் கையெழுத்து. ஒரு பிரதி கடையில், ஒன்று வீட்டில். வீட்டம்மாள் முதலில், "எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்றார். இப்போது வரிக்கு வரி படிக்கிறார். போன மாதம் இரண்டு பெயர்களுக்கு எதிரே கேள்விக்குறி போட்டுக் கொடுத்தார். ஒருவரிடம் வசூலித்துவிட்டோம், மற்றவருக்கு இனி ரொக்கத்துக்குத்தான் சரக்கு.