மலைப்பாதை காக்கும் தொண்டு

திரிகூடமலையில் பெய்யும் மழையே குற்றால அருவியாகவும் சிற்றாறாகவும் நம்மை வந்தடைகின்றது. மலைப்பாதைகளை அரித்துக் கெடுப்பதும் அம்மழையே. பாதை நெடுக ஓடும் நீர் மண்ணைக் கரைத்து, வழியையே ஓடையாக்கிவிடும். ஆதலின், குறுக்கே கற்களைச் சாய்வாகப் பதித்து, நீரைச் சரிவின்புறம் திருப்புதல் வேண்டும். சருகும் மண்ணும் அவ்விடத்தை அடைத்துவிடின் செய்த வேலை வீணாம். எனவே, மழைக்காலத்தில் அருகிலேயே தங்கிக் கவனிப்போர் இன்றியமையாதவர்.

அமெரிக்காவில் 1933 முதல் 1942 வரை ஏறத்தாழ 30 லட்சம் வாலிபர் முகாம்களில் தங்கி, மரம் நட்டும் பாதை அமைத்தும் பணிபுரிந்தனர். மாத ஊதியமாகிய 30 டாலரில் பெரும்பாலும் 25 வீட்டிற்கே அனுப்பப்பட்டது. நம் நாட்டில் 1969-ம் ஆண்டு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாமோ 7 நாளே. முகாம் கலைந்தபின் மழை நின்றுவிடுவதில்லை. ஆகையால், வனத்துறையாரின் அனுமதியுடன் ஒரே பாதையை ஆண்டுதோறும் ஏற்று, முறைவைத்துப் பேணுவோமாக. மூத்தோர் பதித்த கல்லை இளையோர் காப்பாராக.